கீபோர்டு மட்டும் போதும்

அத்தியாயம் 9

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த அன்பு, சட்டையைக்கூட மாற்றாமல் கீபோர்டைத் துடைக்க உட்கார்ந்தான். சாயந்திரம் நல்லாங்கழனி மாரியம்மன் கோயில் திடலில் ‘சாரல் இன்னிசைக் குழு’வின் முதல் மேடை. ஆடி மாதம், கூழ் ஊற்றும் திருவிழா. நோட்டீஸில் குழுவின் பெயர் சிவப்பு எழுத்தில் வந்திருந்தது.

குழு சேர்ந்த கதை தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் நம்மோடு சேருகிறவர்களுக்காகக் கொஞ்சம் திரும்பிப் பார்த்துவிடலாம்.

அன்பு, இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் தைக்கும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் ஆள். ஒரு நாள் கேன்டீனில், எதிர் மேஜையில் ஒருவன் காலித் தட்டைக் கவிழ்த்து வைத்து விரலால் தட்டிக்கொண்டிருந்தான். பொழுது போகாமல் தட்டுகிற தட்டு இல்லை அது. தாளம் ஓர் இடத்தில் நின்றது, யோசித்தது, மறுபடி பிடித்துக்கொண்டது. அன்பு தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அந்த மேஜைக்குப் போனான். சங்கரன்கோவில் பக்கத்து சக்திகுமார் அவன். ஊரில் கச்சேரிகளுக்குத் தபேலா வாசித்தவன், இங்கே வந்து ஸ்பாஞ்சு வெட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு மணி அடித்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை. சூப்பர்வைசரிடம் சேர்ந்தே திட்டு வாங்கினார்கள்.

சக்திகுமாரோடு அறையில் தங்கியிருந்த ஞானதுரை அடுத்து வந்தான். நாசரேத்துக்காரன். பேஸ் கிதாரைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் போட்டு வைத்திருந்தான். வேலை தேடி வந்த ஊரில் அதை வெளியே எடுக்க வெட்கம். பாடுவதற்கு ஆள் தேடியபோது கம்பெனி ஆண்கள் ஹாஸ்டல் குளியலறையிலிருந்து தளவாயின் குரல் அகப்பட்டது. பெண் குரல்தான் கிடைக்கவில்லை. கம்பெனி பஸ் நிற்கும் இடமெல்லாம் விசாரித்து அலுத்த பிறகு, உன் தங்கச்சியே கோயிலில் பாடுகிறதே, அதை ஏன் கேட்கவில்லை என்று சக்திகுமார்தான் சொன்னான்.

மதிவதனி அன்புக்கு இரண்டு வயது இளையவள். ஸ்ரீபெரும்புதூரில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. வாரமெல்லாம் அங்கேயே ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. அம்மா இறந்த பிறகு இந்த வீட்டில் அவள் இருக்கும் நாள்தான் சமையல் மணக்கும் நாள்.

சக்திகுமாரின் அறையில் ஒத்திகை பார்த்தார்கள். வீட்டுக்காரர் சத்தம் போட்டார். பிறகு, வல்லம் தாண்டி ஏரிக்கு அந்தப் பக்கம் அன்பு குடியிருக்கும் காலனியில், அவன் ஆராதனைக்குப் போகும் சின்னக் கோயிலில் இடம் கிடைத்தது. தெற்கத்திப் பையன்கள் ஞாயிறுதோறும் அங்கே வந்தார்கள். மதிவதனி குழம்பு வைத்துப் போட்டாள். ‘சாரல்’ என்று பேர் வைத்தவர்கள் அந்தப் பையன்கள். குழுவுக்கென்று ஒரு முகப்பு இசை போட்டது அன்பு.

மேடை வாங்கிக் கொடுத்தவர் நடேசன். அன்புவின் லைன் சூப்பர்வைசர், நல்லாங்கழனிக்காரர், கோயில் கமிட்டியில் முக்கியமானவர். கம்பெனி ஆண்டு விழாவில் சக்திகுமார் ரிதம் பேட் வாசித்ததைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊருக்கு நீங்களே வாருங்கள் என்று அவராகத்தான் கூப்பிட்டார்.

இது வரைக்கும்தான் போன வாரம்.

கீபோர்டைத் துடைத்து உறையில் போட்டு ஜிப்பை இழுக்கும்போது வாசலில் டி.வி.எஸ். சத்தம் கேட்டது. சக்திகுமார் தனியாக வந்திருந்தான். எப்போதும் வண்டியை நிறுத்தும் முன்பே குழம்பு என்னவென்று கேட்பவன், இன்று உள்ளே வராமல் நின்றான்.

“அன்பு, ஒரு விஷயம். கோவப்படாம கேளு டே.”

விஷயம் இதுதான். முந்தின நாள் சாயந்திரம் நடேசன் மேடை அளவைச் சொல்ல சக்திகுமாரின் அறைக்கு வந்திருக்கிறார். டீ குடித்துக்கொண்டே, எங்கே பிராக்டீஸ் பண்ணுகிறீர்கள் என்று சும்மா கேட்டிருக்கிறார். இவனும் சும்மா சொல்லியிருக்கிறான். எந்தக் கோயில், எந்தக் காலனி என்று அவர் மேலும் இரண்டு கேள்வி கேட்டார். டீயை முழுக்கக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: இது சாமி காரியம், கிறிஸ்டின் பையனை மேடையில் ஏற்றினால் ஊரில் ஆளுக்கொன்று பேசுவார்கள், வாலாஜாபாத்திலிருந்து ஒருத்தனைக் கீபோர்டுக்கு வரச் சொல்கிறேன், மற்றபடி குழு அப்படியே இருக்கட்டும்.

அன்பு வாசற்படியை விட்டு இறங்கி வந்தான். பிறகு கேட்டான்:

“ஞானதுரை கூட கிறிஸ்டின்தான?”

சக்திகுமார் வண்டியின் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தான்.

“அவனையும் வேணான்ட்டாரா?”

“இல்ல.”

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. நடேசன் எதைச் சொல்லாமல் எதைச் சொன்னார் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. இந்த வாசலில் உட்கார்ந்து எத்தனையோ ஞாயிறு சோறு தின்றவன், இப்போது வாசலைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நீ இன்னா சொன்ன அவராண்ட?”

“நான் என்னத்த சொல்ல? நமக்கு இது மொத மேடை டே. இத விட்டா அடுத்தது எவன் தருவான்?” என்ற சக்திகுமார், கடைசியாக வைத்திருந்ததையும் சொன்னான். “வாலாஜாபாத் பையனோட கீபோர்டு ரிப்பேராம். நீ வராண்டாம், கீபோர்டு மட்டும் போதும்னு சொல்லுதாரு. நாளைக்கு ஷிஃப்டுக்கு வரும்போது பத்திரமாக் கொண்டாந்து தந்திருதேன்.”

அன்பு சிரித்தான். சிரிக்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. அது தானாக வந்தது.

இதையெல்லாம் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் யாக்கோபு. அன்புவின் அப்பா. ஒரகடம் ரோட்டில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். பகல் முழுக்க வருகிற காருக்கெல்லாம் சல்யூட் அடித்து, வீட்டிலும் யாராவது அதட்டினால் எழுந்து நின்றுவிடும் மனிதர். அவர் எழுந்து வந்தார். கீபோர்டை உறையோடு தூக்கிக்கொண்டு போய் டி.வி.எஸ். பின் சீட்டில் வைத்துத் தாமே கயிற்றால் கட்ட ஆரம்பித்தார்.

“யப்பா, வையி அதை.”

“வர மாசம் பர்மனென்ட் பண்ணப்போறாங்க. யாரைன்னு கை காட்டறது அவருதான்,” என்றார் யாக்கோபு, முடிச்சைப் பார்த்துக்கொண்டே. “ஒரு சாயந்தரம் அவங்ககிட்ட இருந்துட்டு வரட்டும். இன்னா தேஞ்சா பூடும்?”

அன்பு நினைத்திருந்தால் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. பர்மனென்ட் என்ற வார்த்தை காதில் விழுந்த அந்த நொடி தன் கை அடங்கியதை அவன் கவனித்தான். நடேசன்மேல் வந்ததைவிட அதிகமான வெறுப்பு தன்மேல் வந்தது.

டி.வி.எஸ். போய்விட்டது. யாக்கோபு முகம் கழுவப் போனார். அன்பு உள்ளே வந்தபோது மதிவதனி கண்ணாடி முன்னால் நின்று நீலப் பட்டுப் புடவையின் மடிப்புகளை ஊசி குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இவ்வளவையும் கேட்டிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். கேட்ட பிறகும் அவள் கை நிற்காதது அவனுக்குப் புரியவில்லை.

“அதை எதுக்கு இப்ப எடுத்துகினு கீற?”

“வேன் மூணு மணிக்கு ஹாஸ்டலாண்ட வருது. நான் அங்க போயி ஏறிக்கிறேன்.”

சக்திகுமார் முந்தின நாளே ஹாஸ்டலுக்குப் போன் போட்டிருக்கிறான். எல்லாம் சொல்லியிருக்கிறான். ஊர்க்காரர்கள் கேட்டது அன்புவைப் பற்றி மட்டும்தான். பாடுகிற பெண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒயர் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் பெண் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறான். அவளும் சரி என்றிருக்கிறாள். அதன் பிறகு வீட்டுக்கு வந்து, காலையில் அண்ணனோடு கோயிலுக்குப் போய், அவன் கீபோர்டு வாசிக்க, பக்கத்தில் நின்று பாடியிருக்கிறாள்.

“தெரிஞ்சிகினேதான் காலையில எங்கூட வந்தியா?”

“சொன்னா நீ போவ வுடமாட்ட.”

“அங்க எந்த ஊருன்னு கேப்பாங்க.”

“தாம்பரம்னு சொல்லச் சொன்னாரு சக்தியண்ணன்.”

“சொல்லுவ?”

மதிவதனி கையிலிருந்த ஊசியைப் புடவையிலேயே குத்தி நிறுத்தினாள். “நீ கம்பெனில எந்த ஊருன்னு சொல்லிகினு கீற? படப்பைன்னுதான? சேர்ந்த நாள்லேந்து படப்பைதான். நான் ஒரு நாள் தாம்பரம்னு சொன்னா உனுக்கு எரியுதா?”

அவள் சொன்னது உண்மைதான். முதல் நாள் கேட்டில் ஊரைக் கேட்டபோது நாக்கு தானாகப் படப்பை என்றது. பிறகு மாற்ற முடியவில்லை. மாற்ற வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அவள் குரல் இறங்கியது. “காலையிலேந்து சாயந்தரம் வரைக்கும் ஒயருக்கு டேப்பு சுத்திகினே கெடக்கறேன். லைன்ல வாயத் தொறந்தா மெமோ. இங்க வந்து உங்களுக்குச் சோறாக்கறேன். பாடும்போது மட்டும்தாண்ணே நான் இருக்கற மாதிரி கீது. உனுக்காக நான் போவாம நின்னுட்டா, நாளைக்கி எனக்காக எவன் நிப்பான்? நீயே பொட்டியக் குடுத்துட்டு வந்து நிக்கற.”

கடைசியாகச் சொன்னது அவனைச் சுட்டது. அதனால்தான் அவன் அதைக் கேட்டான்.

“அவங்க வூட்ல தண்ணி குடுத்தா குடிப்பியா?”

“தாகமா இருந்தா குடிப்பேன்,” என்றாள் மதிவதனி. புடவையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். அப்பாவிடம் மட்டும், இருட்டுவதற்குள் வந்துவிடுவேன், காலனி முனையில் வேன் இறக்கிவிடும் என்று சொன்னாள்.

போகக் கூடாது என்றுதான் அன்பு நினைத்திருந்தான். நாலு மணிக்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை. சைக்கிளை எடுத்தான்.

நல்லாங்கழனிக்குள் நுழையும் தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். கோயில் திடலுக்குள் அவன் போகவில்லை. தெரு முனையில் ஒரு சோடாக் கடை. அதன் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கிருந்து மேடை தெரிந்தது. மேடைக்கு நேர் எதிரே நடேசனின் மாடி வீடும் தெரிந்தது.

முகப்பு இசை ஆரம்பித்தது. அவனுடைய இசை. ஒத்திகைக்கு முன்பு எத்தனையோ நாள் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடி வைத்தது. வாலாஜாபாத்காரன் அதை ஒரு முறை கேட்டுப் பிடித்திருப்பான் போல. தப்பாக வாசித்திருந்தால் அன்புக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும். அவன் நன்றாகவே வாசித்தான்.

தளவாய் மைக்கைப் பிடித்துக் குழுவை அறிமுகம் செய்தான். ரிதம் பேட் சக்திகுமார், கைதட்டல். பேஸ் கிதார் ஞானதுரை, கைதட்டல். கீபோர்டு, வாலாஜாபாத்காரனின் பெயர், கைதட்டல். “தாம்பரத்துலேர்ந்து வந்திருக்கும் நம்ம குழுவோட குயில், மதிவதனி.” நீலப் புடவையில் அவள் எழுந்து கும்பிட்டாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு தயக்கமும் இல்லாததை அன்பு பார்த்தான்.

அம்மன் பாட்டுதான் முதலில். காலனிக் கோயிலில் அவள் மற்றவர்களோடு சேர்ந்து பாடும்போது குரலை அடக்கித்தான் பாடுவாள். இங்கே அடக்கவில்லை. குரல் திடலைத் தாண்டி, கூழ்ப் பாத்திரத்தோடு தெருவில் போனவர்களை நிறுத்தியது. சோடாக் கடைக்காரர் பாட்டில் திறப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இரண்டாம் சரணத்தில் எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று அன்பு சொல்லிக் கொடுத்திருந்தான். சரியாக அங்கே எடுத்தாள். தன் விரல்கள் சைக்கிள் ஹேண்டில்பாரின்மேல் வாசித்துக்கொண்டிருப்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் உணர்ந்தான். கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

இரண்டு முறை ‘ஒன்ஸ்மோர்’ கேட்டார்கள். கடைசியில் நடேசன் மனைவியோடு மேடையேறினார். அந்த அம்மாள் மதிவதனிக்குச் சால்வை போர்த்தி, நெற்றியில் குங்குமம் வைத்தாள். மதிவதனி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். நடேசன் மைக்கை வாங்கி, இந்தப் பொண்ணு எங்க வூட்டுப் பொண்ணு மாதிரி என்றார். திடல் முழுக்கக் கைதட்டியது.

குழுவுக்குச் சாப்பாடு நடேசன் வீட்டில். கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் இலை போட்டிருப்பதும், சக்திகுமாரும் ஞானதுரையும் தளவாயும் வரிசையாக உட்காருவதும், மதிவதனியை மட்டும் அந்த அம்மாள் கையைப் பிடித்துத் தன் மகளின் பக்கத்தில் உட்கார வைப்பதும் தெருவிலிருந்து தெரிந்தன. ஒரு சொம்பில் தண்ணீர் வந்தது. மதிவதனி அண்ணாந்து குடித்தாள்.

அன்பு சைக்கிளைத் திருப்பினான்.

“இன்னா அன்பு, வெளியவே நின்னுகினு கீற?”

எல்லப்பன். அதே கம்பெனி, பக்கத்து லைன், வாலாஜாபாத் பக்கத்து ஆள். திருவிழாவுக்கு மாமியார் வீட்டுக்கு வந்திருந்தான். ஒரு முறை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் மதிவதனியை அவனுக்குக் காட்டி, என் தங்கச்சி என்று அன்புவே சொல்லியிருக்கிறான். எல்லப்பன் மனதில் ஒன்றும் இல்லை, சந்தோஷமாக இருந்தான். குரலும் அப்படியே உரக்க வந்தது.

“உன் தங்கச்சி இன்னாமா பாடிச்சிப்பா!”

நடேசன் வாசலில் நின்று யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார். திரும்பினார்.

“யாரு தங்கச்சி?”

“நம்ம அன்பு தங்கச்சி சார். பாடினது.”

நடேசனோடு நின்ற இரண்டு பேரும் திரும்பினார்கள். நடேசன் முதலில் அன்புவைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பித் தன் வீட்டுக் கூடத்தைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி மதிவதனியின் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“உன் தங்கச்சியா அது?” குரல் உயரவில்லை.

ஆமாம் என்று சொன்னால் அந்தக் கூடத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று அன்புக்குத் தெரியும். சாப்பிட்ட இலையிலிருந்து அவள் எப்படி எழுப்பப்படுவாள் என்று கண்ணுக்குத் தெரிந்தது. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான் என்று பிற்பாடு பல தடவை அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுண்டு. அது முழு உண்மை இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

“இல்ல சார். எனக்குத் தங்கச்சியே கெடையாது.”

எல்லப்பன் வாயைத் திறந்தான். அன்புவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ஆள் மாறிப்போச்சு சார், அதே ஜாடை, என்று முணுமுணுத்தான். அதானே பார்த்தேன் என்றார் நடேசன். அவர் தோள்கள் இறங்கின. நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டு, லேட் பண்ணாதே என்று அன்புவிடம் பிரியமாகக்கூடச் சொன்னார்.

அவருக்குப் பின்னால், நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு மதிவதனி நின்றிருந்தாள். கை கழுவ வெளியே வந்தவள். சால்வையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அன்புக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

நடேசனின் மனைவி சொம்பில் தண்ணீரோடு அவள் பின்னால் வந்தாள். இவள் பார்வை போன திசையில் பார்த்துவிட்டு, தெரிஞ்சவங்களாம்மா என்று கேட்டாள்.

மதிவதனி அண்ணனின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இல்லக்கா,” என்றாள். “யாருன்னே தெரியல.”

குனிந்து கையை நீட்டினாள். அந்த அம்மாள் தண்ணீர் ஊற்றினாள்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் காலனி முனையில் யாக்கோபு நின்றிருந்தார். டியூட்டிக்குப் போடும் காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார். மகள் மேடையேறிய நாள் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது, யாரிடமும் சொல்ல முடியாத பெருமை. வேன் விளக்கைப் பார்த்ததும் ரோட்டோரமாக இரண்டு எட்டு முன்னால் வந்து கையைத் தூக்கினார்.

வேனுக்குள் சக்திகுமார் முதலில் பார்த்தான். “உங்க அப்பா நிக்காவ,” என்றான் மெதுவாக. டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

“நேரா போவச் சொல்லுங்க,” என்றாள் மதிவதனி. “ஹாஸ்டலுக்கு.”

வேன் யாக்கோபுவைத் தாண்டிப் போயிற்று. தூக்கிய கையை அவர் உடனே இறக்கவில்லை. டிரைவர் கவனிக்காமல் போய்விட்டார், திரும்பி வருவார் என்று நினைத்தவர்போல, சிவப்பு விளக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மறையும் வரைக்கும் அங்கேயே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் அன்பு வந்தான்.

“நீ அங்கதான போயிருந்த?” என்று கேட்டார் யாக்கோபு. “அந்த வேன்ல மதி இருந்தாளா, இல்லியா?”

அன்பு சைக்கிளை விட்டு இறங்கினான். அப்பா பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.